பிரெஞ்சுப் பெரிய எழுத்துக்கு அக்ஸான் போடுவது: அஸெர்டி கீபோர்டோடும் வேர்டோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு

பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் கோயில் சங்கம், தமிழ் வகுப்பு, பரதநாட்டியப் பள்ளி என்று எதை நடத்தினாலும் காகிதம் எல்லாம் பிரெஞ்சில்தான். பொதுக்குழு அழைப்பு, மெய்ரியில் (நகராட்சி அலுவலகத்தில்) மண்டபம் கேட்டு விண்ணப்பம், காவடிக்கு ஒரு நோட்டீஸ், தீமிதிக்கு ஒரு நோட்டீஸ். நோட்டீஸ் என்றால் தலைப்பு, தலைப்பு என்றால் பெரிய எழுத்து (கேப்பிடல்), அங்கேதான் வம்பு ஆரம்பம். பொதுக்குழுவுக்குப் பிரெஞ்சில் அசாம்ப்ளே ஜெனெரால் என்று இரண்டே சொல். ஆனால் அந்த இரண்டு சொல்லில் மூன்று இடத்தில் ஈ என்ற எழுத்தின் தலைமேல் அக்ஸான் என்ற சாய்கோடு வர வேண்டும், நீங்களோ அஸெர்டியில் (பிரெஞ்சு கீபோர்டு அமைப்பில்) கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு அந்தச் சாய்கோட்டு ஈ உள்ள கீயைத் தட்டுகிறீர்கள், விண்டோஸ் கொடுப்பது 2. திரும்பத் தட்டினாலும் 2. கடைசியில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: 2-ஐ அழித்துவிட்டு மொட்டை ஈ-யைப் போட்டு, பெரிய எழுத்துக்கு அக்ஸான் தேவையில்லை என்று ஒரு விதியையும் கூடவே சேர்த்துச் சொல்லிவிடுவது.

அந்த விதி எங்கேயும் கிடையாது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு இங்கே வந்த பெரியவர்கள் பலர் இதை உறுதியாக நம்புகிறார்கள். "தம்பி, எங்க வாத்தியார் மாஜுஸ்க்யூலுக்கு அக்ஸான் வைக்காதேன்னுதான் சொல்லிக்குடுத்தார்" என்பார்கள். "ஐயா, அது டைப்ரைட்டர் காலத்துப் பேச்சு" என்றால் முகம் சுருங்கும். ஆனால் உண்மை அதுதான். பிரெஞ்சு டைப்ரைட்டரில் மேல் வரிசையில் ஷிஃப்ட்டை அழுத்தினால் எண்தான் விழும், அக்ஸான் போட்ட பெரிய எழுத்துக்கு இடமே விடவில்லை. அதற்கும் முன்னால், ஈயத்தில் எழுத்து வார்த்துக் கோத்த அச்சுக்கூடங்களில், பெரிய எழுத்தின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கோடு சீக்கிரம் உடையும், வரிக்கு இடையில் இடமும் பிடிக்கும், அதனால் விட்டுவிடுவார்கள். இயந்திரத்தால் முடியாமல் போனதைப் பள்ளிக்கூடம் இலக்கணமாக்கிவிட்டது. பிரெஞ்சு அகாதெமியைக் கேட்டால் அக்ஸான் என்பது எழுத்துக்கூட்டலின் ஒரு பகுதி, பெரிய எழுத்திலும் போடத்தான் வேண்டும் என்கிறது. பிரான்ஸ் அரசு அச்சகத்தின் கையேடும் அதையேதான் சொல்கிறது.

போடாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் தீவிலேயே பதில் இருக்கிறது. தென்மேற்கே கறுப்பு மணல் கடற்கரை உள்ள ஊர், லேத்தான் சாலே. உப்புக்குளம் என்று பொருள். பெரிய எழுத்தில் அடித்து, கடைசி ஈ-யின் சாய்கோட்டை விட்டுவிட்டால் அழுக்குக் குளம் என்று ஆகிவிடும். நம் தீமிதி விஷயம் இதற்கு நேர் எதிர். தீமிதிக்குப் பிரெஞ்சில் சொல்லும் மார்ஷ் சுர் லெ ஃபெ என்பதில் முதல் சொல்லுக்கு அக்ஸான் கிடையாது, ஆர்வத்தில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் நெருப்பின் மேல் சந்தை கூடியிருக்கிறது என்று படிப்பார்கள். அப்புறம் சாமி பெயர்கள், குடும்பப் பெயர்கள். தீமிதி நடக்கும் அம்மனை இங்கே பாண்டியாலே என்கிறோம், கடைசி எழுத்தின் கோடு போனால் அந்த 'லே' வெறும் 'ல்' ஆகிவிடும். பெருமாளுக்கும் அப்படித்தான், பிரெஞ்சில் எழுதும்போது முதல் ஈ-யில் சாய்கோடு. பிள்ளை என்ற பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்ததில் புல்லே என்று முடியும் குடும்பப் பெயர்கள் இங்கே இருக்கின்றன; அந்தக் கோடு இல்லாமல் கல்யாணப் பத்திரிகை அடித்தால் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார்.

சரி, வேலைக்கு வருவோம். கீபோர்டு எழுத்துகளை நான் ஆங்கிலப் பெயரிலேயே சொல்கிறேன் (ஏ, சி, ஈ, ஐ, ஓ, யூ), பிரெஞ்சுப் பெயரில் சொன்னால் எது எந்த எழுத்து என்று குழம்பிவிடும். அக்ஸான்களுக்கு மட்டும் பிரெஞ்சுப் பெயர்: வலப்பக்கம் ஏறும் சாய்கோடு எகு, இடப்பக்கம் உயர்ந்து இறங்குவது க்ராவ், கூரை மாதிரி இருப்பது சிர்கோன்ஃப்ளெக்ஸ், இரண்டு புள்ளி ட்ரேமா, சி-யின் வால் செதிய்.

முதல் காரியம்: கேப்ஸ் லாக்கைத் தொடாதீர்கள்

நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான். தலைப்பைப் பெரிய எழுத்தில் அடிக்கவே வேண்டாம். சின்ன எழுத்தில், எல்லா அக்ஸானோடும், சாதாரணமாக அடியுங்கள். சின்ன எழுத்துக்கு அஸெர்டி கீபோர்டில் அநேகமாக எல்லாம் இருக்கிறது: எகு போட்ட ஈ 2-ஆம் கீயில், க்ராவ் போட்ட ஈ 7-இல், வால் வைத்த சி 9-இல், க்ராவ் போட்ட ஏ 0-வில். அடித்து முடித்ததும் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் எஃப்3-யும் சேர்த்து அழுத்துங்கள். ஒருமுறை அழுத்தினால் ஒரு மாதிரி, மறுமுறை அழுத்தினால் வேறு மாதிரி என்று முதலெழுத்து மட்டும் பெரியது, எல்லாம் பெரியது, எல்லாம் சின்னது என்று சுற்றி வரும். லேப்டாப்பில் எஃப்3 அழுத்தினால் சத்தம் கூடுகிறதோ வெளிச்சம் குறைகிறதோ என்றால் எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கீயை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அக்கேய் (ஆங்கில வேர்டில் ஹோம்) தாவலில், எழுத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே பெரிய ஏ-யும் சின்ன ஏ-யும் ஒட்டி நிற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது, அதிலும் இதே வேலை நடக்கும்.

இப்படிச் செய்து பார்த்துவிட்டு, 'நீ சொன்ன மாதிரிதான் செய்தேன், எல்லா அக்ஸானும் காணாமல் போய்விட்டது' என்று வருகிறவர்கள் உண்டு. அது வேர்டில் ஒரு அமைப்பு அணைந்திருப்பதால். பிரெஞ்சு வேர்டில் ஃபிஷியே என்ற முதல் தாவலுக்குள் போய் கீழே ஒப்சியோன், அதற்குள் வெரிஃபிகாசியோன். அங்கே வரிசையாக நிறைய சிறு கட்டங்கள் இருக்கும், அதில் மாஜுஸ்க்யூல் அக்ஸான்துவே என்று தொடங்கும் வரியைத் தேடி டிக் போடுங்கள். ஆங்கில வேர்டு வைத்திருப்பவர்களுக்கு ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று அதே வழி. வரி, என்ஃபோர்ஸ் அக்ஸென்டட் அப்பர்கேஸ் இன் ஃபிரெஞ்ச் என்று இருக்கும். இந்த ஒரு டிக் இரண்டு வேலை செய்கிறது. சின்ன எழுத்தைப் பெரியதாக மாற்றும்போது அக்ஸான் கூடவே மேலே வரும், அதோடு பெரிய எழுத்தில் அக்ஸான் விட்டுப்போன சொல்லைப் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போட்டுக் காட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. டிக் இல்லாத நிலையில் பெரிய எழுத்தாக மாற்றி அக்ஸான் போய்விட்டால், திரும்பச் சின்ன எழுத்தாக மாற்றினாலும் அது வராது. போனது போனதுதான். உடனே கன்ட்ரோல் இசட் அடித்து மீட்டால் சரி, கோப்பைச் சேமித்து மூடிவிட்டு மறுநாள் திறந்தால் ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும். அதனால் டிக்கை முதலில் போட்டுவிட்டு மற்ற வேலை. எழுத்துரு பெட்டியைத் திறந்து 'எல்லாம் பெரிய எழுத்து' அல்லது 'சின்ன அளவிலான பெரிய எழுத்து' என்ற வடிவத்தைக் கொடுப்பவர்களுக்கும் இதே டிக்தான். அந்த வழியில் ஒரு நன்மை, உள்ளே இருப்பது சின்ன எழுத்தாகவே இருக்கும், திரையில் மட்டும் பெரியதாகத் தெரியும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

அப்புறம் மொழி. வேர்டு இந்த அக்ஸானை உதிர்க்கும் வேலையை பிரெஞ்சு என்று குறிக்கப்பட்ட வரிகளில் மட்டும்தான் செய்கிறது. கனடா பிரெஞ்சு என்று குறித்தால் அக்ஸான் எப்போதும் நிற்கும், கியூபெக்காரர்கள் இதில் கறார். அதற்காக உங்கள் கோப்பைக் கனடாவுக்கு மாற்றிவிடாதீர்கள், டிக் போட்டாலே போதும். ஆனால் நம் நோட்டீஸ்களில் தமிழ் வரி, பிரெஞ்சு வரி, சில சமயம் மொரீஷியஸ் சொந்தக்காரர்களுக்காக ஆங்கில வரி என்று மூன்றும் கலந்திருக்கும், எந்த வரி எந்த மொழி என்று வேர்டு தானாக ஊகித்து ஊகித்துத் தப்பாகவே குறித்து வைத்திருக்கும். பிரெஞ்சு வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ரெவிசியோன் தாவலில் லாங் என்பதற்குள் போய், பிழைதிருத்த மொழியாக பிரான்ஸ் பிரெஞ்சைக் கொடுங்கள். அப்போதுதான் பிழைதிருத்தி சரியாக வேலை செய்யும்.

அதே வெரிஃபிகாசியோன் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: பெரிய எழுத்தில் உள்ள சொற்களைக் கண்டுகொள்ளாதே என்பது. அது டிக்கோடுதான் வரும். எடுத்துவிடுங்கள். அது இருக்கும் வரை தலைப்பில் எத்தனை பிழை இருந்தாலும் வேர்டு பேசாமல் இருக்கும். எடுத்துவிட்டால் வேறு ஒரு தொல்லை, நம் பெயர்கள் எல்லாம் சிவப்புக் கோட்டில் குளிக்கும்: ராமசாமி, வீரபத்திரன், மாரியம்மன் யாரையும் விடாது. சங்க உறுப்பினர் பெயர்களை ஒருமுறை உட்கார்ந்து வலது கிளிக் செய்து அகராதியில் சேர்த்துவிடுங்கள், ஆனால் சேர்க்கும்போது அக்ஸானோடு சேருங்கள். மொட்டையாகச் சேர்த்துவிட்டால் அப்புறம் மொட்டைதான் சரி என்று வேர்டும் வாதாடும்.

வாக்கியத்தின் முதல் எழுத்து

தலைப்பு முடிந்தது. ஆனால் முழு வரியும் பெரிய எழுத்தாக இல்லாமல், முதல் எழுத்து மட்டும் பெரியதாக, அதற்கும் அக்ஸான் வேண்டும் என்ற இடம்தான் தினமும் வருவது. எக்கோல் என்று தொடங்கும் வரி. ஆ பார்த்தீர் தெ 18 மணி என்று தொடங்கும் வரி, அதில் முதல் ஏ-க்கு க்ராவ். ஸா வா என்று தொடங்கும் மெயில், அதில் சி-க்கு வால். ஷிஃப்ட் எஃப்3 இங்கேயும் உதவும், சின்ன எழுத்தில் அடித்துவிட்டு அந்த ஒரு எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றலாம். அதோடு வேர்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரியதாக்கும் வசதி பெரும்பாலும் இயங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே சின்ன எகு ஈ-யில் தொடங்கி அடித்துக்கொண்டே போய் ஸ்பேஸ் தட்டினால் அதுவே மாறிவிடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அதுவும் சரிப்படாவிட்டால் நேரடி வழிகள். அஸெர்டியில் உண்மையில் முடியாதது கொஞ்சம்தான் என்பது பலருக்குத் தெரியாது. சிர்கோன்ஃப்ளெக்ஸ் வேண்டுமானால் பி-க்கு (பாரிஸ் என்பதன் முதல் எழுத்து) வலப்பக்கத்தில் உள்ள கூரைக் கீயை ஒரு தட்டு (திரையில் ஒன்றும் வராது, பதற வேண்டாம்), பிறகு ஷிஃப்ட்டோடு ஈ அல்லது ஐ. விருந்துக்கான தீனே, திருவிழாவுக்கான ஃபேத் எல்லாம் இதில் அடங்கும். ட்ரேமாவுக்கு அதே கீயை ஷிஃப்ட்டோடு அழுத்திவிட்டு எழுத்து. க்ராவுக்கு ஆல்ட் ஜிஆர் கீயைப் பிடித்துக்கொண்டு மேல் வரிசை 7, விட்டுவிட்டு ஷிஃப்ட்டோடு ஏ அல்லது ஈ அல்லது யூ. இந்த மூன்றும் வேர்டில் மட்டுமல்ல, விண்டோஸில் எங்கே அடித்தாலும் வேலை செய்யும், பிரவுசரில், எக்செலில், வாட்ஸ்அப் வெப்பில் எல்லாம். மிச்சம் நிற்பது எகு போட்ட ஈ, வால் வைத்த சி, ஓ-வும் ஈ-யும் ஒட்டிய எழுத்து. இவற்றை நினைத்துத்தான் இத்தனை பேர் இத்தனை வருடம் அக்ஸானையே கைவிட்டார்கள்.

வேர்டுக்குள் இதற்கும் வழி உண்டு. எகு ஈ-க்கு கன்ட்ரோலைப் பிடித்தபடி மேல் வரிசை 4, அபாஸ்ட்ரபி இருக்கும் அந்தக் கீ. இரண்டையும் விட்டுவிட்டு ஷிஃப்ட்டோடு ஈ. வலப்பக்க எண் பலகையில் உள்ள 4 இதற்கு ஆகாது. வால் சி-க்கு கன்ட்ரோலோடு கமா, விட்டுவிட்டு ஷிஃப்ட்டோடு சி. ஒட்டிய ஓ-ஈக்கு கன்ட்ரோலோடு மேல் வரிசை 1, விட்டுவிட்டு ஷிஃப்ட்டோடு ஓ. புத்தாண்டு வாழ்த்துக்கு மெய்யெர் வெ என்று அட்டை அடிக்கிறோமே, அந்த வெ-யில் இந்த எழுத்துதான் வரும். மூன்றிலும் தப்பு நடக்கும் இடம் ஒன்றே, கன்ட்ரோலை விடாமலேயே அடுத்த எழுத்தை அழுத்துவது. விடுங்கள், பிறகு அழுத்துங்கள்.

வேர்டுக்கு வெளியே என்றால் பழைய ஆல்ட் எண்கள்தான் கைகொடுக்கும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் எண்ணை அடித்து ஆல்ட்டை விட வேண்டும், நியூம் லாக் (எண் பலகையை இயக்கும் கீ) போட்டிருக்க வேண்டும். எகு ஈ 0201, சுருக்கமாக 144. வால் சி 0199, சுருக்கமாக 128. க்ராவ் ஏ 0192, க்ராவ் ஈ 0200, சிர்கோன்ஃப்ளெக்ஸ் ஈ 0202, ஒட்டிய ஓ-ஈ 0140. இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், 144-ஐயும் 128-ஐயும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவையுங்கள், மற்றவைதான் மேலே சொன்ன வழியில் வந்துவிடுகிறதே. ஒன்று மட்டும், தமிழ் கீபோர்டு இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அழுத்தி முதலில் பிரெஞ்சுக்கு மாறிக்கொண்டு பிறகு இதையெல்லாம் செய்யுங்கள். எண் பலகையே இல்லாத லேப்டாப்பில் விண்டோஸ் கீயோடு அரைப்புள்ளிக் கீயை அழுத்தினால் எமோஜிப் பெட்டி திறக்கும், அதில் குறியீடுகள் பகுதிக்குள் லத்தீன் எழுத்துகள் இருக்கின்றன. மெதுவான வழி, ஆனால் வழி.

அடிக்கடி வரும் சொற்களுக்கு வேர்டின் தானியங்கித் திருத்தத்தைப் பழக்கிவிடுவது இன்னும் புத்திசாலித்தனம். ஒப்சியோனுக்குள் அதே வெரிஃபிகாசியோன் பக்கத்தின் தலையில் தானியங்கித் திருத்தப் பொத்தான் இருக்கிறது. இடப்பக்கம் மொட்டையாக எழுதிய சொல், வலப்பக்கம் அக்ஸானோடு. ஆ பார்த்தீர், எக்கோல், லேத்தான் சாலே, உங்கள் கோயிலின் பெயர், தலைவரின் குடும்பப் பெயர் என்று ஒரு பத்துப் பதினைந்து சேர்த்துவிட்டால் அப்புறம் அதுவே மாற்றிக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை, அக்ஸான் இல்லாமலும் அர்த்தம் உள்ள சொல்லைச் சேர்க்காதீர்கள். மார்ஷ்-ஐச் சேர்த்தீர்கள் என்றால் தீமிதி நோட்டீஸில் சந்தை வந்து நிற்கும்.

மேக் வைத்திருப்பவர்கள் இதில் பாதியைப் படிக்கவே தேவையில்லை. பிரெஞ்சு கீபோர்டில் கேப்ஸ் லாக் போட்டு எகு ஈ-யைத் தட்டினால் பெரிய எகு ஈ-யே வரும். லினக்ஸிலும் அப்படித்தான். விண்டோஸ்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு: பிரான்ஸின் தர நிர்ணய அமைப்பான அஃப்நோர் 2019 ஏப்ரலில் புதிய அஸெர்டி ஒன்றை வெளியிட்டது, அதில் கேப்ஸ் லாக் முறைப்படி வேலை செய்யும், விண்டோஸ் 11-இன் கீபோர்டு பட்டியலில் அது கிடைக்கிறது. ஆனால் மேல் வரிசையில் பல குறிகள் இடம் மாறியிருக்கும், உங்கள் கீயில் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் விழுவது வேறொன்று. பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர்கள் முயற்சி செய்யுங்கள், சங்க அலுவலகத்தில் பத்துப் பேர் தொடும் கணினியில் வேண்டாம், சண்டை வரும்.

மொரீஷியஸ் பக்கம் க்வெர்ட்டி (ஆங்கில கீபோர்டு) வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். விண்டோஸில் யூஎஸ் இன்டர்நேஷனல் அமைப்பைச் சேர்த்துக்கொண்டால் அபாஸ்ட்ரபியைத் தட்டிவிட்டு ஷிஃப்ட்டோடு ஈ அடித்தால் எகு, அதே அபாஸ்ட்ரபிக்குப் பிறகு சி அடித்தால் வால். யூகே கீபோர்டில் ஆல்ட் ஜிஆரும் ஷிஃப்ட்டும் ஈ-யும் சேர்த்து அழுத்தினாலே எகு ஈ வந்துவிடும். பிரெஞ்சுக்காரன் செய்த கீபோர்டில் பிரெஞ்சு அடிக்க முடியாமல் ஆங்கிலேயன் கீபோர்டில் அடிக்க முடிகிறது என்பதை என்னவென்று சொல்வது.

போட்டாயிற்று, ஆனால் தெரியவில்லை

அக்ஸான் போட்டும் திரையில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது என்பது தனி வியாதி. பெரிய எழுத்தின் மேல் ஏறும் கோட்டுக்கு வரிக்கு மேலே கொஞ்சம் இடம் வேண்டும். யாரோ ஒரு பக்கத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க வரி இடைவெளியை 'சரியாக இத்தனை புள்ளி' என்று கட்டிப்போட்டிருப்பார்கள், பிரெஞ்சு வேர்டில் எக்ஸாக்ட்மான் என்று இருக்கும். பத்தி அமைப்பைத் திறந்து அதை ஒற்றை இடைவெளிக்கோ 'குறைந்தது' என்பதற்கோ மாற்றுங்கள், கோடு முழுதாக வந்துவிடும். தமிழ் வரிகளிலும் இகர ஈகார மேல்விலங்கு வெட்டுப்பட்டால் காரணம் இதேதான், இரண்டும் ஒரே மருந்தில் தீரும்.

இன்னொன்று, மற்ற எழுத்தெல்லாம் வளைந்து நெளிந்து அழகாக இருக்க, அக்ஸான் போட்ட எழுத்து மட்டும் ஒட்டாமல் வேறு வடிவத்தில் நிற்பது. இணையத்தில் இலவசமாக இறக்கிய அலங்கார எழுத்துருக்கள் பலவற்றில் அக்ஸான் போட்ட பெரிய எழுத்தே இருக்காது, வேர்டு அந்த ஓட்டையை வேறு எழுத்துருவால் அடைக்கும். பத்திரிகை அடிக்க எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது மாப்பிள்ளை பெண் பெயரை அடித்துப் பார்த்தால் போதாது, எகு ஈ, வால் சி, ஒட்டிய ஓ-ஈ மூன்றையும் பெரிய எழுத்தில் அடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கடைசியாக நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தொல்லை, பழைய தமிழ் எழுத்துரு. தமிழும் ஆங்கிலமும் ஒரே எழுத்துருவில் வர வேண்டும் என்று செய்த டிஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல்களில்) கீழ்ப்பாதியில் ஆங்கிலமும் மேல்பாதியில் தமிழும் இருக்கும். அந்த மேல்பாதிதான் பிரெஞ்சு அக்ஸான் எழுத்துகள் குடியிருக்கும் இடம். ஆகவே அந்த எழுத்துருவில் உள்ள கோப்பில் ஆல்ட் 0201 அடித்தால் எகு ஈ-க்குப் பதில் ஏதோ ஒரு தமிழ்த் துண்டு வந்து நிற்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னும் மோசம். அதில் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேஷம்: சின்ன எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. தமிழ் வரியும் பிரெஞ்சு வரியும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் எஃப்3 அழுத்தினீர்கள் என்றால் பிரெஞ்சு ஒழுங்காக மாறும், தமிழில் க எல்லாம் கு ஆகி, அடுத்தடுத்த எழுத்தும் மாறி, கும்பாபிஷேகப் பத்திரிகை படிக்க முடியாத ஒன்றாகிவிடும். யூனிகோடுத் தமிழுக்கு இந்தப் பயம் இல்லை, அதில் ஷிஃப்ட் எஃப்3 தமிழைத் தொடவே தொடாது. பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, மாற்றிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பிரெஞ்சைச் சேருங்கள்.

எங்கே அக்ஸான் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல் முகவரியில் போடாதீர்கள். விமான டிக்கெட்டில் பெயர் மொட்டையாக வந்தால் பயப்பட வேண்டாம், பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரியிலும் அக்ஸான் இருக்காது, அதுவும் இதுவும் பொருந்திவிடும். பிறப்பு, திருமணப் பதிவு மட்டும் வேறு கதை. பிரெஞ்சில் உள்ள அக்ஸான்களைப் பதிவேட்டில் பெயரில் எழுதலாம் என்று சிவில் பதிவு பற்றிய 2014 ஜூலை 23 சுற்றறிக்கை சொல்கிறது, ஆகவே மெய்ரியில் படிவம் நிரப்பும்போது பெயரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாலும் கோட்டைப் போட்டே எழுதுங்கள், அச்சடித்துக் கொடுப்பதைக் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை பாருங்கள், இல்லையென்றால் குழந்தையின் பெயரில் ஒன்று அப்பாவின் பெயரில் ஒன்று என்று ஆகி, பின்னால் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது வேர்டு கோப்பாக அனுப்பாதீர்கள், பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அவர்கள் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும், அவர்கள் வேர்டில் அந்த டிக் இல்லாவிட்டாலும், நீங்கள் பார்த்ததே அச்சில் வரும். பிடிஎஃப்பைத் திறந்து பெரிதாக்கி, தலைப்பில் உள்ள ஈ-களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அனுப்பினால் போதும்.